எத்தனை வாரம், யார் கையெழுத்து: கருக்கலைப்புச் சட்டம் முதலிலிருந்து

"ஏம்மா, வீட்டுக்காரர் வரலையா? அவர் கையெழுத்து போடாம எங்களால ஒண்ணும் பண்ண முடியாதும்மா."

கருக்கலைப்புக்காக மருத்துவமனைக்குப் போகும் பெண்கள் பலர், டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே, பதிவு செய்யும் இடத்திலேயே கேட்டுவிடுகிற பேச்சு இது. கல்யாணம் ஆகாத பெண் என்றால் "அம்மாவைக் கூட்டிட்டு வா" என்று மாறும். சென்னையில் படித்தவர்கள், வேலைக்குப் போகிறவர்கள்கூட இதைக் கேட்டதும் திரும்பிவிடுகிறார்கள், சட்டமே அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்து. சட்டம் அப்படி இல்லை. பதினெட்டு வயது நிறைந்த பெண்ணுக்கு அவளுடைய கையெழுத்து ஒன்றே போதும். இது நேற்று வந்த மாற்றமும் இல்லை. 1972-ல் சட்டம் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து இப்படித்தான்.

திரும்பிப் போன பெண் இரண்டு வாரம் கழித்து வேறொரு இடத்துக்குப் போவாள். அந்த இரண்டு வாரத்தில் எளிய சிகிச்சை சிக்கலான சிகிச்சையாகிவிடலாம். ஒரு டாக்டர் போதும் என்றிருந்தது இரண்டு டாக்டர் வேண்டும் என்று ஆகிவிடலாம். இந்த விஷயத்தில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது வாரக் கணக்குதான். அதனால்தான் சட்டத்தை முன்கூட்டியே தெரிந்துவைத்திருக்க வேண்டியிருக்கிறது.

குற்றமும் விலக்கும்

முதலில் ஒரு அடிப்படை. இந்தியாவில் கருவைக் கலைப்பது இன்றும் குற்றவியல் சட்டத்தில் குற்றமாகவே எழுதப்பட்டிருக்கிறது. 1860-ல் வெள்ளைக்காரர்கள் எழுதிய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் அது 312-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்துக்கு பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதில் 88-ஆம் பிரிவு. எண் மாறியதே தவிர சாரம் மாறவில்லை. மூன்று ஆண்டு வரை சிறை, கரு அசைவு தெரியும் கட்டத்தைத் தாண்டியிருந்தால் ஏழு ஆண்டு வரை. தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் இந்தப் பிரிவுக்குள் வருவாள். பெண்ணின் சம்மதமே இல்லாமல் கலைத்தால் 89-ஆம் பிரிவு. ஆயுள் தண்டனை வரை போகலாம்.

இந்தக் குற்றத்திலிருந்து விலக்குத் தருவதுதான் 1971-ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம். மருத்துவமனைகளில் எம்.டி.பி. ஆக்ட் என்பார்கள். கள்ளத்தனமாக, கண்ட இடத்தில் கலைத்துக்கொண்டு பெண்கள் செத்துக்கொண்டிருந்த காலம் அது. 1964-ல் சாந்திலால் ஷா தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். 1966-ல் அறிக்கை வந்தது. 1971-ல் சட்டம் நிறைவேறி, 1972 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

அந்தச் சட்டத்தின் மூன்றாம் பிரிவைப் படித்துப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். பேச்சு முழுக்க டாக்டரைப் பற்றியது. பதிவு பெற்ற மருத்துவர் இந்தச் சட்டப்படி ஒரு கர்ப்பத்தை முடித்துவைத்தால் அவர் குற்றவாளி ஆகமாட்டார் என்றுதான் அது தொடங்குகிறது. "பெண்ணுக்கு உரிமை உண்டு" என்று ஒரு வரிகூட அதில் கிடையாது. டாக்டரைக் காப்பாற்ற எழுதிய சட்டம் என்பதால், "எனக்குப் பிறகு சிக்கல் வந்துவிட்டால்?" என்ற பயம் டாக்டரிடம் எப்போதும் இருக்கிறது. கணவர் கையெழுத்து, ஆதார் நகல், போலீஸ் கடிதம் என்று சட்டம் கேட்காதவற்றையெல்லாம் மருத்துவமனைகள் கேட்பதற்கு இந்தப் பயம்தான் பெரும்பாலும் காரணம்.

உரிமை என்ற பேச்சு நீதிமன்றங்கள் வழியாகத்தான் வந்தது. குழந்தை பெறுவதா வேண்டாமா என்று தீர்மானிப்பது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2017-ல் அந்தரங்க உரிமைத் தீர்ப்பில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அதை இன்னும் உறுதியாக்கியது. ஆக ஒரு பக்கம் டாக்டரை மையமாக வைத்த சட்டம், இன்னொரு பக்கம் பெண்ணை மையமாக வைத்த அரசியலமைப்பு. கடந்த சில ஆண்டுகளில் வந்த மாற்றங்கள் எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் நடக்கும் இழுபறிதான்.

அமெரிக்கச் செய்தியைப் பார்த்துக் குழம்புகிறவர்களும் உண்டு. 1973-ல் அங்கே உச்ச நீதிமன்றம் அங்கீகரித்த உரிமையை அதே நீதிமன்றம் 2022 ஜூன் 24 அன்று எடுத்துவிட்டது. இப்போது அங்கே மாநிலத்துக்கு ஒரு சட்டம். அதனால் இங்கே எதுவும் மாறவில்லை. இந்தியாவில் இது நாடு முழுமைக்கும் ஒரே மத்தியச் சட்டம். தமிழ்நாட்டுக்கென்று தனி வார வரம்பு கிடையாது.

வாரத்தை எப்படி எண்ணுவது

எல்லாத் தப்பும் ஆரம்பிக்கிற இடம் இதுதான். கர்ப்பத்தின் வாரத்தை உறவு கொண்ட நாளிலிருந்து எண்ணுவதில்லை. நாள் தள்ளிப்போன தேதியிலிருந்தும் எண்ணுவதில்லை. கடைசியாக வந்த மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். ஆகவே நாள் தள்ளிப்போய், வீட்டிலேயே சிறுநீர்ப் பரிசோதனை செய்து இரண்டு கோடு பார்க்கும்போதே கணக்கில் நான்கு, ஐந்து வாரம் ஆகியிருக்கும். "இப்பதான் தெரிஞ்சது, ஒரு வாரம்தான் இருக்கும்" என்று சொல்லும் பெண்ணுக்கு ஸ்கேனில் ஆறு வாரம் என்று வருவது இதனால்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். லீப் இல்லாத ஆண்டு, கடைசி மாதவிலக்கு ஜனவரி 1 அன்று தொடங்கியது என்று வையுங்கள். ஒன்பது வாரம், அதாவது 63 நாள், மார்ச் 5 அன்று முடியும். பன்னிரண்டு வாரம் மார்ச் 26. இருபது வாரம், அதாவது 140 நாள், மே 21. இருபத்துநான்கு வாரம் ஜூன் 18. இந்த நான்கு தேதிகளையும் நாட்காட்டியில் குறித்துவைத்தால் மீதி எல்லாம் புரிந்துவிடும்.

மாதவிலக்கு ஒழுங்காக வராதவர்கள், குழந்தைக்குப் பால் கொடுப்பதால் மாதவிலக்கே திரும்பாதவர்கள், இந்தக் கணக்கை நம்ப முடியாது, ஸ்கேன்தான் வழி. அதுவும் சீக்கிரம் எடுத்த ஸ்கேன். முதல் மூன்று மாதத்தில் கருவின் நீளத்தை வைத்துச் சொல்லும் வாரம் சில நாள் வித்தியாசத்துக்குள் இருக்கும். ஐந்து மாதம் தாண்டி முதல் தடவை எடுத்தால் வித்தியாசம் ஒன்று, ஒன்றரை வாரத்துக்கு மேல்கூடப் போகலாம். வரம்பை ஒட்டி நிற்கும்போது அந்த ஒரு வாரம்தான் தலையெழுத்தை மாற்றும். எடுத்த முதல் ஸ்கேன் அறிக்கையைத் தொலைக்காமல் வைத்திருங்கள்.

எந்த வாரத்தில் என்ன

2021-ல் சட்டம் திருத்தப்பட்டது. செப்டம்பர் 24 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அக்டோபர் 12 அன்று விதிகள் வந்தன. அதற்கு முன்பு பன்னிரண்டு வாரம் வரை ஒரு டாக்டர், பன்னிரண்டிலிருந்து இருபது வரை இரண்டு டாக்டர், இருபதுக்கு மேல் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும், என்று இருந்தது. இன்னும் சிலர் இந்தப் பழைய கணக்கையே சொல்கிறார்கள்.

இப்போது இருபது வாரம் வரை ஒரே ஒரு பதிவு பெற்ற மருத்துவரின் கருத்து போதும். காரணம் வேண்டும்தான், ஆனால் காரணங்கள் விரிவானவை. கர்ப்பம் தொடர்ந்தால் பெண்ணின் உயிருக்கு ஆபத்து, அல்லது அவளது உடல்நலமோ மனநலமோ கடுமையாகப் பாதிக்கப்படும், அல்லது பிறக்கும் குழந்தைக்குக் கடுமையான குறைபாடு இருக்கும் என்று டாக்டர் நல்லெண்ணத்தோடு கருத வேண்டும். கருத்தடை முறை தவறிப்போய் உண்டான கர்ப்பம் என்று பெண் சொன்னால், அதனால் வரும் வேதனையை மனநலப் பாதிப்பாகவே எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டம் சொல்கிறது. முன்பு இந்த இடத்தில் "திருமணமான பெண் அல்லது அவளது கணவன்" என்று இருந்தது. 2021-ல் "எந்தப் பெண்ணும் அல்லது அவளது துணைவரும்" என்று மாற்றிவிட்டார்கள். கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு இந்தக் காரணம் பொருந்தாது என்று யாராவது சொன்னால், அவர் பழைய புத்தகத்தை வைத்திருக்கிறார்.

இருபதைத் தாண்டி இருபத்துநான்கு வரை இரண்டு டாக்டர்கள் கருத்துச் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் இது கிடைக்காது. விதி 3பி சொல்லும் பெண்களுக்கு மட்டும். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள சிறுமிகள், கர்ப்பமாக இருக்கும்போதே விதவையானது அல்லது விவாகரத்தானது என்று மணநிலை மாறியவர்கள், பெரிய அளவில் மாற்றுத்திறன் உள்ளவர்கள், மனநோய் உள்ளவர்கள், கருவில் கடுமையான குறைபாடு தெரிந்தவர்கள், அரசு அறிவித்த பேரிடர், நெருக்கடிச் சூழலில் இருப்பவர்கள்.

இந்தப் பட்டியலில் கல்யாணம் ஆகாத பெண் எங்கே? விதியின் எழுத்தில் இல்லை. 2022-ல் டெல்லியில் 25 வயதுப் பெண் ஒருவர், காதலன் கைவிட்டுவிட்டதால் இருபத்துநான்கு வாரம் முடிவதற்குள் கருவைக் கலைக்க அனுமதி கேட்டபோது, டெல்லி உயர் நீதிமன்றம் இதைச் சொல்லித்தான் மறுத்தது. உச்ச நீதிமன்றம் ஜூலையில் இடைக்கால அனுமதி தந்து, செப்டம்பர் 29 அன்று விரிவான தீர்ப்பை வழங்கியது. நீதிபதிகள் சந்திரசூட், போபண்ணா, பர்திவாலா அமர்வு. மணநிலை மாற்றம் என்பதன் உள்ளே இருப்பது வாழ்க்கைச் சூழல் மாறிப்போவது. கைவிடப்பட்ட, கல்யாணம் ஆகாத பெண்ணுக்கும் அதே நிலைதான், ஆகவே அவளுக்கும் இருபத்துநான்கு வாரம் வரை உண்டு என்றார்கள். அதே தீர்ப்பில் இன்னொன்றும் சொன்னார்கள்: இந்தச் சட்டத்தைப் பொறுத்தமட்டில், வல்லுறவு என்பதில் கணவன் மனைவியின் விருப்பமில்லாமல் கொள்ளும் உறவும் அடங்கும். பெண் என்ற சொல்லில், கருத்தரிக்கக்கூடிய மற்ற பாலின அடையாளம் உள்ளவர்களும் அடங்குவார்கள் என்பதும் அதில் இருக்கிறது.

வல்லுறவால் உண்டான கர்ப்பம் என்று சொல்ல எஃப்.ஐ.ஆர். வேண்டுமா? வேண்டாம். பெண் அப்படிச் சொன்னாலே போதும் என்பதுதான் சட்டத்தின் வாசகம். புகார் பதிவாகியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று மேற்படி தீர்ப்பும் தெளிவாக்கியது. "முதல்ல ஸ்டேஷனுக்குப் போயிட்டு வாங்க" என்று அனுப்புவது தவறு.

இருபத்துநான்குக்கு மேல், கருவில் கடுமையான குறைபாடு இருக்கிறது என்று மருத்துவ வாரியம் கண்டறிந்தால் மட்டும், வார வரம்பே கிடையாது. மகப்பேறு மருத்துவர், குழந்தை மருத்துவர், ஸ்கேன் நிபுணர் ஆகியோர் அதில் இருந்தாக வேண்டும். விண்ணப்பம் வந்த மூன்று நாளுக்குள் வாரியம் கருத்துச் சொல்ல வேண்டும். அனுமதித்தால், விண்ணப்பம் வந்த ஐந்து நாளுக்குள் சிகிச்சை நடக்க வேண்டும். வேறு காரணங்களுக்கு, வல்லுறவுக்கு ஆளான பெண்ணானாலும், இருபத்துநான்கைத் தாண்டினால் நீதிமன்றம்தான்.

இந்த வரம்புகள் எல்லாவற்றுக்கும் மேலே ஐந்தாம் பிரிவு இருக்கிறது. பெண்ணின் உயிரைக் காப்பாற்ற உடனே செய்தாக வேண்டும் என்றால் எத்தனை வாரமானாலும் ஒரு டாக்டரே செய்யலாம். அந்த நேரத்தில் வாரியத்துக்காகவோ கோர்ட்டுக்காகவோ காத்திருக்கக் கூடாது.

சி படிவம்

கையெழுத்துச் சண்டையை ஒரு காகிதத்தைப் பார்த்தே தீர்த்துவிடலாம். சம்மதம் எழுதி வாங்கும் தாளுக்கு சி படிவம் என்று பெயர். அரைப் பக்கம்கூட இருக்காது. பெண்ணின் பெயர், வயது, நிரந்தர முகவரி, இப்போது தங்கியிருக்கும் முகவரி, சிகிச்சை நடக்கும் இடம், "என் கர்ப்பத்தை முடித்துவைக்கச் சம்மதிக்கிறேன்" என்ற ஒரு வாக்கியம், கையெழுத்து, இடம், தேதி. கீழே தனியாக இன்னொரு பகுதி: பெண் சிறுமியாகவோ மனநோய் உள்ளவராகவோ இருந்தால் மட்டும் காப்பாளர் நிரப்ப வேண்டியது. அவ்வளவுதான். கணவர் கையெழுத்துக்கு அதில் இடமே இல்லை.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், மேலே பெயருக்குப் பக்கத்தில் "மகள் அல்லது மனைவி" என்று ஒரு கோடு இருக்கும். அது அடையாளத்துக்கு. அப்பா பெயரை எழுதினாலும் போதும். அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு, பெயர் கேட்கிறார்கள் என்றால் ஆளும் வர வேண்டும் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அறுவை சிகிச்சைக்கு மருத்துவமனை வழக்கமாக வாங்கும் பொதுச் சம்மதத் தாளில் "உறவினர் கையெழுத்து" என்று இருப்பதும் இதோடு கலந்துவிடுகிறது. "எம்.டி.பி. சி படிவம் தாங்க, அதில் கையெழுத்துப் போடுகிறேன்" என்று பெயர் சொல்லிக் கேட்டால் பேச்சு மாறும்.

தன் சம்மதம் இல்லாமல் மனைவி கருவைக் கலைத்தார் என்று மனைவிமீதும் டாக்டர்கள்மீதும் நஷ்டஈடு கேட்ட ஒரு கணவரின் வழக்கை 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும்: கணவருக்குத் தெரியாமல், மருத்துவக் காரணமும் இல்லாமல் கலைப்பது விவாகரத்து வழக்கில் மனரீதியான கொடுமையாகக் கருதப்படலாம் என்று 2007-ல் உச்ச நீதிமன்றமே ஒரு தீர்ப்பில் குறிப்பிட்டிருக்கிறது. அது குடும்ப நீதிமன்ற விவகாரம். அதை வைத்து மருத்துவமனை சிகிச்சையை மறுக்க முடியாது.

சி படிவம் எங்கே போகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். டாக்டரின் கருத்துத் தாளையும் இதையும் ஒரு உறையில் போட்டு ஒட்டி, வரிசை எண் எழுதி, ரகசியம் என்று குறிக்க வேண்டும். சேர்க்கைப் பதிவேட்டில் மட்டும்தான் பெண்ணின் பெயர் இருக்கலாம். கேஸ் ஷீட், தியேட்டர் பதிவேடு, மறுவருகை அட்டை எதிலும் பெயர் வரக் கூடாது; வரிசை எண் மட்டும். 2003-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகளில் இது தெளிவாக இருக்கிறது. 2021 திருத்தம் இன்னும் ஒரு படி மேலே போய், சட்டம் அனுமதிக்காத ஒருவரிடம் பெண்ணின் அடையாளத்தை வெளியிடும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறை என்றது. வீட்டு எண்ணுக்கு போன் செய்து "உங்க பொண்ணு வந்திருக்கா" என்று சொல்வது இதற்குள் வரும்.

கருத்தடை அறுவை செய்துகொண்டால்தான், காப்பர்-டி போட்டுக்கொண்டால்தான் கலைப்போம் என்று பேரம் பேசுவதும் சில இடங்களில் நடக்கிறது. ஆலோசனை சொல்லலாம், நிபந்தனை போட முடியாது.

பதினெட்டுக்குக் கீழே

சிறுமி என்றால் காப்பாளர் ஒருவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். அப்பா, அம்மா இருவரும் தேவையில்லை. பெரிய சிக்கல் போக்சோ, அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம். 2012-ஆம் ஆண்டின் அந்தச் சட்டப்படி பதினெட்டுக்குக் கீழே சம்மதம் என்ற பேச்சே இல்லை. சிறுமி கர்ப்பம் என்று தெரிந்த டாக்டர் போலீசுக்குத் தகவல் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் அவருக்குத் தண்டனை. பதினேழு வயதுப் பெண்ணும் பத்தொன்பது வயதுப் பையனும் காதலித்த வழக்கில், பையன் ஜெயிலுக்குப் போவானே என்று பயந்து குடும்பமே மருத்துவமனையைத் தவிர்க்கிறது. கண்ட கண்ட இடத்துக்குப் போகிறது. 2022 தீர்ப்பு இதற்கு ஒரு வழி சொன்னது: சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், தகவலில் அவளுடைய பெயரையும் அடையாளத்தையும் டாக்டர் சொல்ல வேண்டியதில்லை. தகவல் சொல்லும் கடமை போகவில்லை, பெயர் மட்டும் விலகுகிறது. இதை வாய்விட்டுக் கேட்க வேண்டும். தானாக நடக்கும் என்று இருக்கக் கூடாது.

மாத்திரை

ஒன்பது வாரம் வரை மாத்திரையாலேயே முடிக்கலாம். கிட் என்று சொல்வதில் ஐந்து மாத்திரை இருக்கும். 200 மில்லிகிராம் மிஃபெப்ரிஸ்டோன் ஒன்று, 200 மைக்ரோகிராம் மிசோப்ரோஸ்டால் நான்கு. முதலாவது கர்ப்பம் வளரத் தேவையான ஹார்மோனைத் தடுக்கும். ஒன்று, இரண்டு நாள் கழித்து எடுக்கும் நான்கும் கருப்பையைச் சுருக்கி வெளியேற்றும். சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. சென்னையில் பல மருந்துக் கடைகள் இதை வைத்திருப்பதே இல்லை; ஆய்வுக்கு வருவார்கள், கணக்குக் கேட்பார்கள் என்ற தயக்கம். கடை கடையாக அலைவதைவிட, எழுதித் தரும் டாக்டரிடமே வாங்கிக்கொள்வது நடைமுறையில் சுலபம்.

டாக்டரைப் பார்க்காமல் போடுவதில் முக்கியமான ஆபத்து, கரு கருப்பைக்கு வெளியே குழாயில் தங்கியிருந்தால் இந்த மாத்திரை வேலை செய்யாது. வலியும் ரத்தப்போக்கும் மாத்திரையால்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே குழாய் வெடித்துவிடும். ரத்தசோகை அதிகம் உள்ளவர்கள், காப்பர்-டி உள்ளே இருக்கும்போதே கர்ப்பமானவர்கள், ரத்தம் உறையாத நோய் உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். தொடர்ந்து இரண்டு மணி நேரம், மணிக்கு இரண்டு நாப்கின் முழுதாக நனைந்தால் உடனே 108. மிசோப்ரோஸ்டால் போட்டு ஒரு நாள் ஆகியும் ரத்தமே படவில்லை என்றாலும் டாக்டரிடம் போக வேண்டும். இரண்டு வாரம் கழித்து மறுபரிசோதனை. "எல்லாம் போயிடுச்சு" என்று இதைத் தவிர்ப்பவர்கள்தான் மிச்சம் தங்கி, காய்ச்சலோடு வருகிறார்கள்.

ஒன்பதுக்கு மேல், மூன்று மாதம் வரை, உறிஞ்சி எடுக்கும் முறைதான் இப்போது பரிந்துரைக்கப்படுகிறது. ஊரில் எல்லாவற்றையும் "டி அண்ட் சி" என்றே சொல்கிறோம். சுரண்டி எடுக்கும் அந்தப் பழைய முறையை உலக சுகாதார நிறுவனம் கைவிடச் சொல்லி வெகுகாலம் ஆகிறது. எந்த முறை என்று கேட்கலாம்.

எங்கே போவது

அரசு மருத்துவமனைக்குத் தனி அனுமதி தேவையில்லை. சென்னையில் எழும்பூர் தாய்சேய் நல மருத்துவமனை, கோஷா ஆஸ்பத்திரி என்று எல்லோரும் சொல்லும் திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை, ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆகியவை பெண்களுக்கென்றே இருக்கும் பெரிய அரசு மருத்துவமனைகள். தனியார் என்றால் மாவட்டக் குழு தந்த பி படிவச் சான்றிதழ் வேண்டும். அதை வருகிறவர்கள் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும் என்பது விதி. சுவரைப் பாருங்கள். இல்லை என்றால் கேளுங்கள். சான்றிதழ் இல்லாத இடத்தில் செய்தாலோ, தகுதி இல்லாதவர் செய்தாலோ இரண்டிலிருந்து ஏழு ஆண்டு வரை கடுங்காவல். சித்தா, ஆயுர்வேத, ஹோமியோபதி மருத்துவர்களுக்கும் நர்சுக்கும் இந்தச் சட்டத்தில் அனுமதி இல்லை.

பெண் சிசு என்று தெரிந்து கலைப்பதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் வேறு. அது தடுப்பது கருவின் பாலினத்தைக் கண்டுபிடிப்பதை, சொல்வதை. இரண்டையும் ஒன்றாக்கி, நான்கு மாதம் என்றாலே "பொண்ணுன்னு தெரிஞ்சு வந்திருக்காங்க" என்று சந்தேகப்பட்டுத் திருப்பி அனுப்புகிற வழக்கம் சில மருத்துவமனைகளில் இருக்கிறது. எதைக் காப்பாற்ற வந்த சட்டமோ, அதைக் காட்டியே பெண்ணைத் திருப்பி அனுப்புவது வேதனையானது.

நீதிமன்றம் வரை போனால்

பெரும்பாலும் ஒரு ஸ்கேனில் ஆரம்பிக்கும். குறைபாடு பார்க்கும் ஸ்கேனை பதினெட்டிலிருந்து இருபது வாரத்துக்குள் எடுக்கச் சொல்வார்கள். தேதி கிடைத்து இருபதாம் வாரம் எடுத்தால், இதயத்தில் ஏதோ என்று எழுதுவார்கள். குழந்தை இதய நிபுணர் பார்க்க ஒரு வாரம். பனிக்குட நீரை எடுத்துப் பரிசோதிக்கச் சொன்னால் முடிவு வர இரண்டு, மூன்று வாரம். கையில் காகிதம் வரும்போது இருபத்துநான்கு. யாரும் தாமதிக்கவில்லை, ஆனாலும் வரம்பு தாண்டிவிட்டது. இந்த நிலையில் கோர்ட் தேவையில்லை. நேராக மருத்துவ வாரியத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்பதை 2021 திருத்தம் கொடுத்தது. இது தெரியாமல் வக்கீலைத் தேடி நான்கு நாளை இழக்கிறார்கள்.

வாரியம் மறுத்தாலோ, காரணம் குறைபாடு அல்லாத வேறொன்றாக இருந்தாலோ, சென்னை உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவின் கீழ் ரிட் மனு. அடையாள அட்டை, வாரம் தெரியும் எல்லா ஸ்கேன் அறிக்கைகளும், மருத்துவமனை மறுத்திருந்தால் அது எழுத்தில், பெண்ணின் பிரமாணப் பத்திரம் ஆகியவை வேண்டும். வாயால் மறுத்தார்கள் என்பதை நிரூபிப்பது கஷ்டம்; "காரணத்தை எழுதிக் கொடுங்க" என்று கேட்பது இதற்குத்தான். அவசர வழக்காக எடுக்கச் சொல்லி வக்கீல் முறையிட வேண்டும். நீதிபதி ஒரு அரசு மருத்துவமனைக் குழுவிடம் அறிக்கை கேட்பார். வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. பாரிமுனை உயர் நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழு இருக்கிறது, தொலைபேசியில் 15100.

கோர்ட்டுக்குப் போனால் கிடைத்துவிடும் என்று எண்ண முடியாது. 2023 அக்டோபரில், இரண்டு குழந்தைகளின் தாயான ஒரு பெண், பிரசவத்துக்குப் பிந்தைய மனநோயால் அவதிப்பட்டவர், பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் கர்ப்பமே தெரியாமல் இருந்தவர், ஏறத்தாழ இருபத்தாறு வாரத்தில் உச்ச நீதிமன்றம் போனார். 9-ஆம் தேதி அனுமதி கிடைத்தது. கரு பிழைக்கும் நிலையில் இருக்கிறது என்று டாக்டர் ஒருவர் தெரிவித்ததும் வழக்கு திரும்ப வந்தது. 11-ஆம் தேதி இரண்டு நீதிபதிகளும் மாறுபட்டார்கள். 16-ஆம் தேதி மூன்று நீதிபதிகள் மறுத்துவிட்டார்கள். 2024 ஏப்ரலில் பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்திக்கு, முப்பது வாரம் நெருங்கிய நிலையிலும் அதே நீதிமன்றம் அனுமதி தந்தது. ஒரு வாரத்தில், பெற்றோர் அவளது உயிருக்குப் பயந்து மனம் மாறியதால் உத்தரவைத் திரும்பப் பெற்றது. கருவின் நிலையை மட்டும் எழுதினால் போதாது, அந்தப் பெண்ணின் உடலும் மனமும் என்னவாகும் என்றும் மருத்துவ வாரியம் எழுத வேண்டும் என்பது அந்த வழக்கில் வந்த முக்கியமான கருத்து. வாரிய அறிக்கை கையில் வந்ததும் இந்தப் பகுதி இருக்கிறதா என்று வக்கீல் முதலில் பார்க்க வேண்டும்.

விடுப்பு

வேலைக்குப் போகிறவர்கள் பலருக்குத் தெரியாதது இது. கருச்சிதைவு ஆனாலும், சட்டப்படி கலைத்துக்கொண்டாலும், மறுநாளிலிருந்து ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்தில் இருந்ததை, சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் வைத்திருக்கிறார்கள். இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்களுக்கு அந்த வழியில் பணம் வரும். அதற்கு மருத்துவச் சான்று கேட்பார்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போதே, சிகிச்சை நடந்த தேதி தெளிவாகத் தெரியும்படி, டாக்டரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் உள்ள சான்றை வாங்கிக்கொள்ளுங்கள். மருத்துவமனைக் கோப்பில் உங்கள் பெயர் இருக்காது, எண்தான் இருக்கும் என்பதால், பிறகு தேடிப் போனால் எடுத்துக் கொடுக்க நாளாகும்.